சாவியை எடுத்தோம், பேரை எடுக்கவில்லை

போன மாதம், நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். கம்பெனி விதிமுறைகளை எல்லாம் திருத்தி எழுதுகிறார்களாம். “அக்கா, இதுல ஒன்னு மட்டும் எனக்குப் புரியல லா. ஒருத்தரோட சாவிய எடுக்கிறதுக்கு முன்னால அவங்க மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு போட்டிருக்கு. எதுக்கு அது? ஒரு வரிய அழிச்சா முடிஞ்சி போச்சே” என்று கேட்டாள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அடுப்பில் கறி இருந்ததால் அவள் தப்பித்தாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது ஒரு பதிலோடு நிற்கவில்லை.

நான் வேலை பார்த்தது செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில். ஈப்போ ஆபிசில் ஒரு பெரிய சர்வர். சுங்காய் பக்கம், லூமுட் பக்கம் என்று ஒவ்வோர் ஆலையிலும், பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நிறுக்கும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் கணினி. அந்தக் கணினிகளையும் ஈப்போ சர்வரையும் பேச வைப்பது, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பார்த்துக்கொள்வது, இதுதான் என் பிழைப்பு.

நான் சுங்காய் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா ரப்பர்ப் பால்மரம் சீவியவர்கள். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளி, அப்புறம் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. கிராணி வேலைக்கு, அதாவது கணக்கெழுதும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். லினக்ஸ் வந்தபோது மற்றவர்கள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், தேவையில்லாமல் பல்லைக் காட்டாது. என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

என் மேலதிகாரியைச் சொல்ல வேண்டும். பெயர் யாப். சீனர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அரிசி பருப்பு நிறுத்துப் போட்டே தமிழ் கற்றுக்கொண்ட குடும்பம். என் அண்ணன் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். ஏதாவது உடைந்து நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். முதல் கேள்வி எப்போதும், “பசியாறிட்டியா?” என்பதுதான். சர்வர் விழுந்து கிடக்கிறது, இந்த மனிதர் பசியாறியதைக் கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆரம்பத்தில் ஆலைக் கணினிகளுக்குள் பாஸ்வர்ட் போட்டுத்தான் நுழைவோம். அந்தப் பாஸ்வர்டை எடை மேடைக் கிராணிகள் காகிதத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டி வைத்திருப்பார்கள். லாரி ஓட்ட வருகிறவனுக்கும் அது தெரியும். ஒருநாள் யாப் இதைப் பார்த்துவிட்டு வந்து, பாஸ்வர்டே வேண்டாம், எல்லாருக்கும் சாவி போடலாம் என்றார். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சாவியை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படித்தான்: “சாவி ரெண்டா பொறக்கும். ஒன்னு உன் இடுப்புல இருக்கணும், அது உன் கணினிய வுட்டு எங்கயும் போகாது. இன்னொன்னு பொதுச் சாவி, அத ஊரே பாக்கலாம், சர்வர்ல உன் பேருக்குக் கீழ ஒட்டி வைப்போம். நீ வந்து தட்டும்போது ரெண்டும் ஜோடியான்னு சர்வர் பாத்துக்கும்.” அன்றிலிருந்து எங்கள் ஆபிசில் ஒன்று இடுப்புச் சாவி, மற்றது பொதுச் சாவி.

முறையில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சாவியை உண்டாக்கும்போதே அதற்கு ஒரு ரகசிய வாக்கியம் போட வேண்டும். பொதுச் சாவி எனக்கு வந்து சேர்ந்ததும் நான் அனுப்பியவருக்குப் போன் போட வேண்டும். அதன் கைரேகை என்று ஒரு எழுத்துக் கோவை வரும். அவர் தன் திரையைப் பார்த்து வாசிக்க, நான் என் திரையைப் பார்த்துச் சரி பார்க்க வேண்டும். பொருந்தினால்தான் சர்வரில் ஏற்றலாம். பாஸ்வர்ட் வழியை மூடும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் சாவி போட்டு நுழைந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு, லூமுட் வரை கார் ஓட்டிக்கொண்டு போய்த் திறந்தவர்களும் எங்களில் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

அந்த நாளில் லூமுட் பக்கத்து ஆலைக் கிராணி ஒருவர் செய்த வேலையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். அவருடைய மேசையில் இருந்தது விண்டோஸ் கணினி. சாவி இரண்டும் பிறந்தன. பொதுச் சாவி ஃபைலைத் தட்டினால் அது ஏதோ நோட்டீஸ் அச்சடிக்கும் புரோகிராமைத் தேடிப் போய்த் திறக்கவில்லை. இடுப்புச் சாவி திறந்தது. மனிதர் திறந்ததை எடுத்து, எனக்கும் கூடவே ஆலையின் எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பிவிட்டார். “அது தொறக்க மாட்டேங்குது லா, அதான் தொறந்தத அனுப்பிட்டேன்” என்றார் வெள்ளந்தியாக. நான் வாயைத் திறப்பதற்குள் யாப் போனை வாங்கிக்கொண்டார். பசியாறினீர்களா என்று கேட்டுவிட்டு, இடுப்பில் இருந்தது சந்தைக்கு வந்துவிட்டது, இனி அது நம் சாவி இல்லை, இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாகச் செய்வோம் என்று சொல்லி, அவர் செய்து முடிக்கும்வரை போனிலேயே இருந்தார். யார் அனுப்பியது என்று மேலிடத்துக்குக் கடைசி வரை சொல்லவில்லை.

யாருடைய சாவியையாவது எடுக்க வேண்டி வந்தால்தான் அவருடைய விசித்திரமான விதி வெளியே வரும். ஓய்வு பெற்றுப் போகிறவரோ, வேறு வேலைக்குப் போகிறவரோ, கடைசி நாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கோப்பி வரவழைத்து, அவர் பார்க்கப் பார்க்கத்தான் அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்வார். ஏன் என்று நானும் ஒருமுறை கேட்டேன். “கதவச் சாத்துறத அவன் பாத்துட்டுப் போகட்டும். பின்னால வந்து தட்டிப் பாத்து, தொறக்காம, அப்பறம் தெரிஞ்சிக்கிற மாதிரி வச்சிடாத” என்றார். நல்ல மனசு, ஆனால் வேலைக்கு ஆகாத மனசு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பெனடிக்ட் விஷயம் வரும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

பெனடிக்ட் என் பக்கத்து மேசைக்காரன். என்னைவிட ரொம்பச் சின்னவன். ஞாயிறு தவறாமல் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுவான். தோள் இரண்டும் குலுங்கச் சிரிப்பான். ஆலைகளின் வாரக் கணக்கு அவன் பொறுப்பு. எல்லா ஆலைகளின் எடைகளையும் ஒரு புரோகிராம் திரட்டிவிடும். ஆனால் மேடையில் ஒரே லாரி இரண்டு முறை பதிவாகியிருக்கும், காலி லாரி பழ லாரியாக ஏறியிருக்கும். வாரக் கடைசியில் இவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கிராணிகளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, திருத்தங்களை எழுதித் தன் ஃபோல்டரில் வைப்பான். அதற்குப் பிறகுதான் கணக்கு அவன் பெயரில் மேலிடத்துக்குப் போகும்.

அப்படிப்பட்டவனுக்குத் தூக்கம் போனது. சாப்பாடு போனது. நிறுத்தாமல் பேச ஆரம்பித்தான். ஆலைக் கணினிகள் தன்னைக் கவனிக்கின்றன, தான் பேசுவதை எல்லாம் எங்கேயோ அனுப்புகின்றன என்றான். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தோம். பிறகு ஒருநாள் அவன் மனைவி ரெஜினா அழுதுகொண்டே போன் செய்தாள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், ஆபிஸ் லாப்டாப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றும் சொன்னாள்.

எங்கள் பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்து வளர்ந்தோம். கொஞ்சம் கிறுக்குத்தனம் செய்தால் போதும், உனக்கு அங்கே கட்டில் போட்டாச்சு என்பார்கள். பெனடிக்டே எனக்கு எத்தனையோ முறை கட்டில் போட்டிருக்கிறான்.

மேலிடத்துக்குச் செய்தி எட்டியதும் போன் வந்தது. சர்வரில் அவன் பெயரில் இருக்கும் கணக்கை இன்றைக்கே அழித்துவிடுங்கள், வேறு ஆள் எடுக்கிறோம் என்றார்கள். யாப் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சாவி இன்றைக்கே போகும், நீங்கள் சொல்வது சரி என்றார். ஆனால் சர்வர் கணக்கை அழிக்க மாட்டேன், அவன் ஃபோல்டரும் பெயரும் இருக்கும், வாரக் கணக்கும் நிற்காது, ஆள் தேவையில்லை, அவன் திரும்பி வருவான் என்றார். நிறைய நேரம் பேசிய பிறகு அவர்கள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்கள். வாரக் கணக்கு என்றைக்கு வராமல் போகிறதோ, அன்றைக்குப் புது ஆள். பெனடிக்டின் நாற்காலி அந்த ஒரு கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “கமலா, நீ போய் அவன்கிட்ட சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு. அப்பறம்தான் எடுப்பேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லாப்டாப் எங்கேயோ கிடக்கிறது, அதற்குள் சாவி இருக்கிறது, இவருக்கு மரியாதை முக்கியமாகப் போய்விட்டது. அதையே சொன்னேன். “அதான் இப்பவே போன்னு சொல்றேன்” என்றார்.

ஈப்போவிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. பார்வையாளர் நேரத்துக்குள் போய்விட்டேன். பெரிய பெரிய மரங்கள், அமைதியாக இருந்தது. ரெஜினா வாசலில் காத்திருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், இப்போது இதெல்லாம் அவருக்குப் புரியுமா அக்கா என்று கவலைப்பட்டாள். புரியாவிட்டாலும் சொல்லத்தான் வந்தேன் என்றேன். என் குரலே எனக்கு யாப் குரல்போல் இருந்தது.

பெனடிக்ட் ஒரு நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பாதியாகிப் போயிருந்தான். மருந்தினால் கண்கள் மெதுவாக அசைந்தன. நான் சுற்றி வளைக்காமல், தம்பி, உன் சாவியை இன்றைக்கு எடுக்கப் போகிறோம், உன்னிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது என்று யாப் அனுப்பினார் என்றேன். காதில் விழுந்ததோ இல்லையோ என்று நான் ரெஜினாவைப் பார்த்தேன்.

“எடுங்க அக்கா” என்றான். “அந்த லாப்டாப்ப எங்க வச்சேன்னு எனக்கே ஞாபகம் வரல. யாரு கையிலயாவது கெடச்சா என்னா ஆவுறது.” பிறகு, “பேரையும் எடுத்துருவாங்களா?” என்று கேட்டான்.

“பேரு இருக்கும்.”

“யாரு சொன்னா?”

“யாப் சொன்னாரு.”

அதைக் கேட்டதும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். நான் வெளியே போய் மரத்தடியில் நின்று யாப்புக்குப் போன் செய்தேன். அவர் அந்த வரியை அழித்துவிட்டுச் சொன்னார். நான் உள்ளே போய் எடுத்தாச்சு தம்பி என்றேன். தலையை ஆட்டினான். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் அறிவு எங்கேயும் போகவில்லை, இந்தப் பிள்ளை தன் சாவியைப் பற்றித் தானே கவலைப்படுகிறான் என்று அழுதேன். லாப்டாப் பிறகு அவர்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் கிடைத்தது.

மாதங்கள் போயின. வாரக் கணக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பெனடிக்ட் புரோகிராமை ஏதோ தந்திரம் செய்து வைத்திருக்கிறான், அது தானாகவே ஓடுகிறது என்று நான் நினைத்தேன். எனக்கு அவனுடைய மற்ற வேலைகளும் சேர்ந்து பாரமெல்லாம் தலையில் இருந்தது, தோண்டிப் பார்க்க நேரமில்லை. யாப் மட்டும் சனிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆலைக் கிராணிகளோடு போனில் இருப்பார். வயசாகிவிட்டது, அரட்டைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் சரி என்றதும் பெனடிக்ட் திரும்பி வந்தான். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டுப் பை, ரெஜினா காரில் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஆபிசில் எல்லாரும் அவனிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசினார்கள். மெதுவா, ஒன்னும் அவசரமில்ல, தண்ணி வேணுமா என்று. அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். தோள் குலுங்கவில்லை.

சரி, முதலில் சாவி போடு என்றேன். புது லாப்டாப்பில் புதுச் சாவி உண்டாக்கினான். ரகசிய வாக்கியத்தை யோசித்து யோசித்து நீளமாகத் தட்டினான். பொதுச் சாவி எனக்கு வந்தது. ஒரே அறையில் இருந்தாலும் முறை முறைதான் என்று கைரேகையை வாசிக்கச் சொன்னேன். முதல் சில எழுத்துகளில் குரல் நடுங்கியது. போகப் போகத் தெளிந்தது. பொருந்தியது. சர்வரில் அவன் பெயருக்குக் கீழே வரியை ஏற்றினேன். அந்த ஃபைல் அவனுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கிறதா, அது இருக்கும் சின்ன ஃபோல்டரும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. போ, தட்டு என்றேன்.

தட்டினான். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினான். அதே பதில்.

கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அதே மாதிரி. “மேலிடத்துல வேணாம்னு சொல்லிட்டாங்களா அக்கா? நேரா சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன்” என்றான். நான் இல்லவே இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. குனிந்து சாப்பாட்டுப் பையை எடுத்தான்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்ததோ தெரியாது, பழைய நாளில் கத்துவதுபோல் கத்திவிட்டேன். “உக்காருடா! சாவிய ஏத்துனது நானு. வேணாம்னா உன் மொகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லத் தெரியாதா எனக்கு? ஏன் போகலன்னு கண்டுபிடிக்கிறது உன் வேல. பாரு.” ஆபிசே திரும்பிப் பார்த்தது. பெனடிக்டும் என்னை விழித்துப் பார்த்தான். அவனை யாரும் திட்டி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். மெதுவாகப் பையைக் கீழே வைத்தான்.

“சர்வர் லாக்கக் காட்டுங்க” என்றான்.

யார் வந்து தட்டினாலும் சர்வர் எழுதி வைக்கும் பதிவு அது. அதைத் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கினான். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிரச்சினை சாவியில் இல்லை என்றான். நான் பார்த்தது உள்ளே இருக்கும் சின்ன ஃபோல்டரை. அதற்கும் வெளியே, அவனுடைய வீட்டு ஃபோல்டரே யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஏழு ஏழு ஏழில் திறந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால் எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து தன் சாவியை ஒட்டிவிட்டுப் போகலாம் அல்லவா, அதனால் எஸ்.எஸ்.எச். சரியான சாவியைக்கூட நம்பாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், பார்க்காமல் விட்டேன். அவன் பார்த்துவிட்டான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “இத யாரு தொறந்து வுட்டது?” என்று கேட்டான். பழைய பெனடிக்டின் எரிச்சல் அது. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

யாருடைய ஃபோல்டரையும் மாற்றக்கூடிய ரூட் உரிமை இருந்தது என்னிடமும் யாப்பிடமும் மட்டும்தான். நான் இல்லை. இருவரும் யாப் அறைக்குப் போனோம். பொமலோப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். அந்த முகத்தில் வெட்கத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நான்தான்” என்றார். “வாராவாரம் திருத்தத்த உன் ஃபோல்டர்ல வச்சாத்தானே கணக்கு கெளம்பும். ரூட்ல உக்காந்து வேல செய்யக்கூடாதுன்னு உங்களுக்குச் சொன்னவனே நானு. அதான் ஒரு தடவ தொறந்து வுட்டுட்டு, என் பேர்ல வந்து வச்சிட்டுப் போனேன். சாத்த மறந்துட்டேன் லா.”

பெனடிக்ட் நின்ற இடத்திலேயே நின்றான். “வாராவாரமும் நீங்களா பாஸ்?”

“வேற யாரு? ஆனா உன் மாதிரி வரல. அந்தச் சுங்காய் லாரிங்க என்னா கணக்கோ, எனக்குக் கடைசி வரைக்கும் புரியல. தப்பு தப்பா போட்டிருக்கேன். நீ வந்து சரி பண்ணுவன்னுதான் வுட்டு வச்சிருக்கேன்.”

சனிக்கிழமை அரட்டை எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். மேலிடம் உன்னைக் கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டி வரும், உனக்குப் பொய் சொல்ல வராது என்றார். பழத்தில் ஒரு சுளையை எடுத்துப் பெனடிக்ட் கையில் வைத்து, போ போ, வேலையைப் பார் என்று யாப் விரட்டினார்.

என் திரையிலிருந்தே அந்த ஃபோல்டரைத் தனக்கு மட்டும் என்று அவன் எழுநூறில் சாத்தினான். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, சுளையை வாயில் போட்டுக்கொண்டு தட்டினான். உள்ளே போனது. நான் பக்கத்தில் நின்றதையே மறந்துவிட்டான். யாப் போட்ட திருத்தங்களைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான். சாப்பாட்டு நேரம் வந்தும் எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ரெஜினா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளைப் போனில் பிடித்தால் அவன் விடவே மாட்டான், அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. “அக்கா, சாப்டீங்களான்னு கேக்க அவருக்குப் போன் போட்டேன். வேலையா இருக்கேன், அப்பறம் பேசுறேன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு அக்கா. வச்சிட்டாரு” என்றாள். பக்கத்து மேசையில் பெனடிக்ட் சுங்காய் கிராணியோடு போனில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.